வைசிராய்க்கு ஒரு மாளிகை

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளில் பிரபுக்களும் சீமாட்டிகளும் பிற்பகலில் புல்வெளியிலே நாற்காலியிட்டுத் தேநீர் அருந்தி, டென்னிஸும் குரோக்கேயும் ஆடி உல்லாசமாய்ப் பொழுதுபோக்கிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அத்தகைய சௌகரியங்களுக்குப் பழகிய வைசிராய் மைசூருக்கு விஜயம் செய்யுங்கால் தங்குவதற்கென்றே, மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921ஆம் ஆண்டில் சாமுண்டி மலைக்கு அருகே கட்டத் தொடங்கியதுதான் லலித மஹால். ஃபிரிட்ச்லி என்ற கட்டடக் கலைஞர் வகுத்த அம்மாளிகையின் முகப்பிலே வெண்தூண்கள் இரட்டை இரட்டையாய் நிற்க, அவற்றுக்கு மேலெழும் நடுக்கோபுரம் லண்டன் மாநகரத்துத் தூய பவுல் தேவாலயத்தை நினைவூட்டும். ஒரு விருந்தாளிக்காக இத்தனை ஆடம்பரமா என்று கேட்கத் தோன்றும். அக்காலத்துச் சமஸ்தானங்களில் உபசாரமும் ராஜதந்திரத்தின் ஓர் அங்கமே. 1974ஆம் ஆண்டில் லலித மஹால் ஹோட்டலாயிற்று. வைசிராய்க்கென்று அமைத்த அறைகளில் அதன்பின் கட்டணம் செலுத்திய எவரும் தங்கலாயினர்.