பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு உயிர் இருக்கிறதா?

தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது 2011-ல். அன்று வாங்கியவர்கள் இன்று வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டார்கள். லேப்டாப் மட்டும் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ கிடக்கிறது. என்றைக்கோ ஒருநாள் கல்லூரிப் படம் ஒன்று தேவைப்பட்டு, தூசி தட்டிச் சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியாது, விசிறியும் சுற்றாது. ‘போர்டு போச்சு’ என்று வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும்.

பல நேரம் அது அவசரத் தீர்ப்பு. கோளாறு பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் எங்கோ நிற்கும்.

செருகுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். லேப்டாப்பைச் சமதரையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதற்கு மேல் வீட்டில் எந்தச் சோதனையும் வேண்டாம். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம்.

அந்தப் பயம் இல்லையென்றால் சார்ஜரிலிருந்து தொடங்கலாம். அதன் முதுகில் ‘அவுட்புட்’ என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பின்னில் தொட்டால் ஏறக்குறைய அதே எண் காட்ட வேண்டும். வேறு சார்ஜரைப் போட்டுப் பார்ப்பவர்கள் பின் பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை.

டெல் லேப்டாப்களில் ஒரு வேடிக்கை உண்டு. உருளை வடிவப் பின்னின் நடுவே ஊசிபோல மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதன் வேலை கரண்ட் கொண்டுவருவதல்ல, ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்பிடம் சொல்வது. அந்த ஊசி வளைந்தாலோ ஜாக்கில் உடைந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது. விஷயம் தெரியாமல் புது பேட்டரி வாங்கி ஏமாறுகிறவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

சார்ஜர் நன்றாக இருந்தும் உயிர் வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமலே சார்ஜரில் போட்டுப் பார்க்கலாம். ஓடினால் குற்றவாளி பேட்டரிதான் என்று சந்தேகிக்கலாம். பேட்டரி உள்ளேயே பூட்டிய சில திங்க்பேட் லேப்டாப்களில் மின்சாரத்தைத் துண்டிக்கவென்றே அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடந்த பேட்டரி ஏறாததற்குக் காரணம் உண்டு. லித்தியம் அயான் செல் நிறைந்திருக்கும்போது சுமார் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். அந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் ஷார்ட் ஆகலாம் என்பதால் காவல் சர்க்யூட் கதவடைத்துவிடுகிறது. அதை ஏமாற்றி நேரடியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்புவது வீட்டுக்கே கேடு.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கதை வேறு. டார்ச் அடித்துப் பார்க்கும்போது மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குக் கோளாறு. ஒன்றுமே தெரியாவிட்டால், பவரைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டலாம். சாதாரண வைத்தியம்தான், பலமுறை பலிக்கிறது.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் மெக்கானிக்கிடம் போகலாம். ஜாக் மாற்றுவது சின்ன வேலை. பழைய போர்டுக்குப் பெரிய தொகை கேட்டால் யோசிக்க வேண்டும். போர்டு செத்தாலும் ஹார்டு டிஸ்க் பிழைத்திருக்கலாம். அதைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் பழைய படங்களை எடுத்துவிடலாம். அதற்கு முன் லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.