தெளிந்த கிணற்றுக்கும் தேவை சோதனை!

‘தாத்தா காலத்திலிருந்து குடிக்கிற தண்ணீர். கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதை எதற்குச் சோதிக்க வேண்டும்?’ திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் சொந்தக் கிணறு, போர்வெல் வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது.

கிணறு அதேதான். ஆனால், அதைச் சுற்றியிருந்த நிலம் மாறிவிட்டது. செங்கம் சாலையை ஒட்டி, பயிர் நின்ற இடங்களில் இன்று வீடுகளும் தங்கும் விடுதிகளும் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு செப்டிக் டேங்க். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம். கார்த்திகை தீபமோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. தொட்டிகள் நிரம்பும் அதே நாட்களில் நிலத்தடி நீரும் மேலே ஏறுகிறது. மலையடிவாரம் பாறைப் பாங்கானது. மணல் நிலம் நீரை வடிகட்டும். பாறை வெடிப்புகள் அப்படியே கடத்திவிடும்.

பாசனச் சோதனை போதாது

மண் பரிசோதனை நிலையத்தில் கிணற்று நீரைக் கொடுத்தால் கார அமில நிலை, உப்பின் அளவு போன்றவற்றைப் பார்த்து ‘பாசனத்துக்கு ஏற்றது’ என்று சொல்வார்கள். அது பயிருக்கான சான்று. குடிநீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தை அணுக வேண்டும். மூன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கிருமி: 100 மில்லி நீரில் ஈ-கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், மலக்கழிவு கலக்கிறது என்று பொருள்.

நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. செப்டிக் டேங்க், எருக்குழி, அளவுக்கு மீறிய யூரியா ஆகியவற்றிலிருந்து வருகிறது. இந்த நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். அந்த நீரைப் பயிருக்குப் பாய்ச்சலாம்; அது தழைச்சத்துதான்.

புளோரைடு: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை. மிஞ்சினால் பல்லில் கறை, பிறகு எலும்பில் பாதிப்பு. பக்கத்திலுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்குக் காரணமே இதுதான்.

நைட்ரேட்டோ புளோரைடோ கூடுதலாக இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் குழாய்க் குடிநீரையோ, ஆர்.ஓ. சுத்திகரிப்பு செய்த நீரையோ பயன்படுத்த வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான 2 லிட்டர் கேனை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்பவும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்க வேண்டும்; அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படைக்கவும்.

கிருமி இருந்தால்

திறந்த கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடலாம். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் ஆழத்துக்கு நீர் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கும். 70 கிராம் போதும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கவும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்க வேண்டும். இது தற்காலிகத் தீர்வுதான். கழிவு வரும் வழியை அடைக்காவிட்டால் கிருமி திரும்பவும் வரும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். பாறை நிலத்தில் அதுவும் போதாமல் போகலாம். கைப்பிடிச் சுவரும் சிமென்ட் தளமும் விரிசலின்றி இருக்கட்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை கிருமிச் சோதனை: மழைக்கு முன் ஒன்று, தீபம் முடிந்து மழை ஓய்ந்த பின் ஒன்று. ரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை. முடிவுச் சீட்டைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டுச் சீட்டோடு ஒப்பிட்டால்தான் நீர் கெட்டு வருகிறதா என்று தெரியும். பக்கத்து வீட்டாரிடமும் அதைக் காட்டுங்கள். அவர்கள் கிணற்றுக்கும் அதே பாறை வெடிப்பிலிருந்து நீர் வரலாம்.