‘பிரேக் பிடிக்கல’ என்பது பதில் ஆகாது

2024 பிப்ரவரி 25 அதிகாலை, கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று தென்காசி மாவட்டம் புளியரை ‘எஸ்’ வளைவு அருகே கவிழ்ந்து, கீழே இருந்த ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். பக்கத்தில் குடியிருந்த முதிய தம்பதி டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி தந்தது. அந்த லாரி ஏன் கவிழ்ந்தது என்று தீர்மானிப்பது விசாரணை அதிகாரிகளின் வேலை. ஆனால், ஜல்லியும் எம்-சாண்டும் சிமெண்டும் ஏற்றிய கனரக வண்டிகள் ஓடும் செங்கோட்டை–ஆரியங்காவு சாலையில்தான் சீசன் மாதங்களில் கேரளத்திலிருந்து குற்றால அருவிகளுக்கு வரும் வேன்களும் கார்களும் சேர்கின்றன. இப்படிப்பட்ட மலைச் சாலையில் லாரி ஒன்று மோதினாலோ கவிழ்ந்தாலோ பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, ‘பிரேக் பிடிக்கல’ என்ற பேச்சுதான். எல்லாம் தலைவிதி என்ற தொனியில் அது சொல்லப்படுகிறது. கேட்பவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிரேக் ஏன் பிடிக்கவில்லை, அதைப் பார்த்திருக்க வேண்டியவர் யார், கடைசியாக எப்போது பார்த்தார்? இவற்றுக்கு லாரியின் உரிமையாளரே பதில் சொல்ல வேண்டும். சட்டம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. நடைமுறைதான் அவரைக் கேட்காமல் விட்டுவிடுகிறது.

ஏர் பிரேக் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால், தலைவிதிக்கு இதில் எவ்வளவு குறைந்த வேலை என்பது விளங்கும். ஓட்டுநர் மிதித்ததும் டேங்கில் அடைத்த காற்று பிரேக் சேம்பருக்குப் போய் அங்குள்ள தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, லைனிங் ஒட்டிய ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடும். அதை உரிய நேரத்தில் சரிசெய்யாவிட்டால் தண்டு முழு நீளத்துக்கு வந்தும் பிடி போதாது. பாவூர்சத்திரம் பக்கம் சமதளத்தில் ஓடும்வரை இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது டிரம் சூடேறி விரியும். இடைவெளி இன்னும் கூடும். கொதித்துப்போன லைனிங்கின் உராய்வும் குறையும். அளவுக்கு மேல் லோடு இருந்தால் சூடும் அதற்கேற்ப ஏறும். டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் தரும் பிடியும் போய்விடும். வளைவில் ஒரு நொடியில் நடந்ததாகத் தெரிவது, வண்டிக்கு அடியில் பல வாரங்களாக நடந்துவந்த தேய்மானத்தின் முடிவு. லைனிங்கின் கனம், காற்று கசியும் சத்தம், கேபினில் இருக்கும் பிரஷர் மீட்டர், சக்கரத்தின் உள்பக்கம் ஒழுகிய கிரீஸ் என எல்லாமே முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆபத்தான பழுதோடு வண்டியை ஓட்டியவரோடு, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அதன்படி குற்றவாளிகள். பழுது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க விரும்பும் உரிமையாளர், தேவையான பராமரிப்பு அனைத்தையும் செய்திருந்தும் அந்தக் கோளாறு கண்ணில் சிக்கவில்லை என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும் என்று மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் கூறியது. 2001-இல் வந்தது, முன் டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் ஒன்று சாலையில் நடந்து சென்றவர் மேல் மோதிய வழக்கு. கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 1969-இல் முடிந்த ஹெண்டர்சன் வழக்கு புளியரைக்கு இன்னும் நெருக்கமானது. இறக்கத்தில் பிரேக் விட்டுப்போன லாரி ஒருவரைக் கொன்றது. பிரேக் குழாயின் கண்ணுக்குத் தெரியாத பகுதி அரித்திருந்தது; தெரிந்த பகுதியை ஒழுங்காகச் சோதித்தோம் என்றார்கள் உரிமையாளர்கள். அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதை ஏற்கவில்லை. அந்த லாரி அதுவரை எதையெல்லாம் ஏற்றியது, எப்படிப் பயன்பட்டது என்ற வரலாற்றை நீதிமன்றத்தில் வைக்காதவர், முழுக் கவனத்தோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் உரிமையாளர் கூண்டில் ஏறுவது அரிதாக இருக்கிறது. விபத்து நடந்ததும் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது ஓட்டுநரின் பெயர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் அவருக்கு 5 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று ஊர் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத் தரும் அறிக்கையில், விபத்து இயந்திரக் கோளாறால் நிகழ்ந்ததல்ல என்ற ஒற்றை வரி வழக்கமாக இருக்கும். லைனிங் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், கடைசி சர்வீஸ் எப்போது என்பதெல்லாம் அந்த வரிக்குள் வராது. அடுத்து, வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது அவசியம். யாரும் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சரக்கு வண்டியின் மொத்த எடையை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. மாதாமாதம் பிரேக் பார்க்கிறவரும் பார்க்காதவரும் கட்டுவது ஒரே தொகை. பழுதான வண்டியை ஓட விட்டதற்கு 190-வது பிரிவு விதிக்கும் அபராதமோ 1,500 ரூபாய். ஒரு புது லாரி டயரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விபத்தே நடந்து ஆள் காயப்பட்டாலும் முதல் முறைக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பராமரிப்பைத் தள்ளிப்போடுவது லாபம் என்று உரிமையாளர் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கில் தப்பில்லை. தப்பு, அப்படிக் கணக்கு வரும்படி வைத்திருக்கும் ஏற்பாட்டில்.

‘வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) இருக்கிறதே!’ என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம் என்று 56-வது பிரிவு சொல்கிறது. அது இல்லாமல் ஓட்டுவது அடிப்படை விதிமீறல், எனவே காப்பீட்டு நிறுவனம் கட்டிய தொகையை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-இல் தீர்ப்பளித்தது. அதற்காக எஃப்.சி. இருந்தாலே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினால் போதும். மலைச் சாலையில் லோடு அடிக்கும் வண்டியின் லைனிங் அதுவரை காத்திருக்காது. சான்றிதழ் சொல்வது சோதனை நடந்த அன்றைய நிலையை. வழக்கில் கேட்கப்பட வேண்டியது விபத்து நடந்த அன்றைய நிலையை.

அடுத்த மறுப்பு நியாயமானது. ஒரே லாரியைக் கடனில் வாங்கி, மாதத் தவணை கட்டி, தானே ஓட்டும் ஆளை இப்படி நெருக்கினால் அவர் பிழைப்பது எப்படி? அவரது கஷ்டம் உண்மை. ஆனால் அவர் செய்யாமல் விட்ட செலவு மறைந்துவிடுவதில்லை. எதிரே பைக்கில் வருகிறவரின் குடும்பம் அதைக் கட்டுகிறது. பராமரிப்புச் செலவைச் சேர்க்காமல் வாடகை பேசும் குவாரியும் ஒப்பந்ததாரரும்தான் இதில் உண்மையான ஆதாயம் பெறுகிறவர்கள். எல்லா உரிமையாளர்களும் கணக்குக் காட்ட வேண்டும் என்று வந்தால் அந்தச் செலவு வாடகையில் ஏறும். யாரும் குறைந்த வாடகைக்கு வந்து மற்றவர் பிழைப்பைக் கெடுக்க முடியாது. கிளம்பும் முன் வண்டியைப் பார்ப்பது ஓட்டுநரின் கடமை இல்லையா என்றும் கேட்கலாம். கடமைதான். ஆனால் லைனிங் மாற்றப் பணம் கொடுக்க வேண்டியவர் அவர் இல்லை; பிரேக் சரியில்லை என்று டிரிப்பை மறுத்தால் அடுத்த நாள் அந்த ஸ்டியரிங்கில் வேறு ஆள் இருப்பார். சாலை மோசம் என்றால் அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு: சாலை அமைத்துப் பராமரிப்பவர் தரத்தில் தவறினால் 198ஏ பிரிவின்கீழ் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். அவருடைய பொறுப்பு உரிமையாளரின் பொறுப்பைக் கழித்துவிடாது.

தீர்வுக்கான முன்மாதிரி அதே சட்டத்தில் இருக்கிறது. அதிக பாரம் ஏற்றிய வண்டி பிடிபட்டால், அது உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின்படியோ நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 113(4) பிரிவு. அபராதமும் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ஏறுகிறது. பாரத்துக்கு இருக்கும் இந்த ஊகம் பராமரிப்புக் குறைவுக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். ஆனால் தென்காசியில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்து குறித்த விரிவான அறிக்கையைக் காவல் துறை 90 நாளில் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அதோடு ஒர்க்‌ஷாப் பில்களையும் லைனிங், டயர் அளவுகளையும் இணைக்கச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் அந்த பில்களைத் தாக்கல் செய்யக் கோரி மனுப் போடலாம். கையிலிருக்கும் சான்றைக் காட்ட மறுப்பவருக்கு எதிராக ஊகிக்கும் அதிகாரத்தை பாரதிய சாட்சிய சட்டத்தின் 119-வது பிரிவு நீதிபதிக்குத் தருகிறது. வண்டியை ஒழுங்காக வைத்திருக்கும் உரிமையாளருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவரைக் காப்பாற்றுவதே அந்த பில்கள்தான். காட்டுவதற்கு ஒன்றுமில்லாதவர், ‘பிரேக் பிடிக்கல’ என்று இனி எதிர்வாதமாகச் சொன்னால், அதையே அவருடைய ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.