பாதம் படிக்கும் எழுத்து

நகரை அமைப்போர் பெரும்பாலும் கண்ணை நம்பியே அமைக்கின்றனர். வீதியின் பெயரும் விளக்கின் நிறமும் கண்ணோடுதான் பேசுகின்றன. கண்ணொளி இழந்தவர்க்கு அந்நகரம் வாய் திறப்பதில்லை.

யப்பானிலே, ஒக்காயாமா நகரத்து மியாக்கே சேயிச்சி என்பார் இக்குறையை நீக்க முனைந்தார். காலாலும் கைத்தடியாலும் தொட்டறியத்தக்க புடைப்புக் கற்களை 1965ஆம் ஆண்டில் அவர் உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி, அந்நகரின் பார்வையற்றோர் பாடசாலைக்கு அண்மையிலுள்ள தெருக் கடவையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பெற்றன. இன்று அக்கற்கள் இரு வகையின. நீண்ட கோடுகள், 'இவ்வழியே செல்க' என்பன. வட்டப் புள்ளிகள், 'நின்று கவனிக்க' என்பன. மங்கிய பார்வையுடையோரும் காணும் பொருட்டுப் பெரும்பாலும் மஞ்சள் நிறம் பெற்றன.

ஆயினும், ஓர் உடலுக்கு உதவுவது மற்றோர் உடலுக்கு இடராதலும் உண்டு. சக்கர நாற்காலியிற் செல்வோர்க்காக நடைபாதையின் விளிம்பைச் சரித்துத் தாழ்த்த வேண்டும். ஆனால், அவ்விளிம்பின் உயரத்தைக் கொண்டே கைத்தடியுடன் நடப்போர் வீதி தொடங்குமிடத்தை அறிகின்றனர். அது மறைந்தால், அறியாமலே வாகனங்களிடையே இறங்கிவிடுவர். சரிவின் முனையிற் பதித்த புள்ளிக் கற்களே இவ்விரு சாராரையும் ஒரே தெருவில் வாழவைக்கின்றன.

கல்லைப் பதித்ததோடு கடமை முடிந்துவிடாது. அதன்மேல் துவிச்சக்கரவண்டியை நிறுத்திச் செல்பவர், இன்னொருவர் படித்துவரும் வரியை இடையிலே அழிப்பவராவார்.