கணக்கில் வராத குழந்தைகள்

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கென அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அந்தப் பணத்தைப் பெறும் மாநிலம் தன் எல்லைக்குள் உள்ள பள்ளி மாவட்டங்களைக் கண்காணிக்க வேண்டும். மாநிலத்தை மத்திய கல்வித் துறை கண்காணிக்கும். ஏட்டளவில் இது ஒழுங்கான ஏற்பாடு. ஆயினும் டெக்சாஸ் மாநிலத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏராளமான குழந்தைகள் இந்தச் சட்டத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். கண்காணிப்பு இல்லாததால் அது நடக்கவில்லை. கண்காணிப்பின் பெயரால்தான் நடந்தது. அரசுத் திட்டங்களை எண்களால் அளக்கும் எந்த நாட்டிலும் இது நிகழக்கூடும் என்பதால், அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இருப்பதும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி கிடைக்கவில்லை என்பதும், 10 லட்சம் பேர் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தன. அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், அக்குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தகுந்த கல்வியை இலவசமாகப் பெறும் உரிமையைத் தந்தது. 1990-இல் அது 'மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம்' என்ற பொருள்படும் இன்றைய பெயரைப் பெற்றது.

இந்தச் சட்டத்தில் பள்ளி மாவட்டத்தின் முதல் கடமை, தேவையுள்ள குழந்தைகளைத் தேடிக் கண்டறிவது. பெற்றோர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க முடியாது. இரண்டாவது கடமை, குழந்தையை மதிப்பிட்டு, பெற்றோரையும் உட்கார வைத்து, அந்தக் குழந்தைக்கென்றே ஒரு தனிநபர் கல்வித் திட்டம் வகுப்பது. மூன்றாவது, இயன்றவரை மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே கற்பிப்பது. 'பள்ளி மாவட்டம்' என்பதை நம்முடைய வருவாய் மாவட்டம்போல் நினைத்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் தனக்கென ஒரு வாரியமும் நிதிநிலை அறிக்கையும் கொண்ட உள்ளாட்சி அமைப்பு. டெக்சாஸில் மட்டும் இவை ஆயிரத்துக்கும் மேல்.

இனி பணத்துக்கு வருவோம். சிறப்புக் கல்வியின் செலவில் பெரும்பகுதியை மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களும்தான் சுமக்கின்றன. ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரலாம் என்கிறது சட்டம். அந்த அளவை அது ஒருமுறைகூட எட்டியதில்லை. தரும் பணத்துக்கு நிபந்தனைகள் உண்டு. மத்திய மானியம் உள்ளூர்ச் செலவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக இருக்கக் கூடாது. சிறப்புக் கல்விக்கு முந்தைய ஆண்டு செலவிட்ட தொகையைப் பள்ளி மாவட்டம் காரணமின்றிக் குறைக்கக் கூடாது. மாநிலமும் தன் நிதி ஆதரவைக் குறைக்கக் கூடாது. குறைத்தால், அதே அளவு தொகை மானியத்தில் வெட்டப்படும். இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழலில் மட்டும் விலக்குக் கோரலாம்.

தொடக்கத்தில், அடையாளம் காணப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தே மானியம் பகிரப்பட்டது. அது, சாதாரணமாகப் படிக்கச் சிரமப்படும் பிள்ளையையும் பட்டியலில் சேர்க்கத் தூண்டும் என்ற கவலை எழுந்தது. குறிப்பாகக் கறுப்பினக் குழந்தைகள் அளவுக்கு மீறி இப்படி முத்திரை குத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆகவே 1997-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓர் அடிப்படைத் தொகைக்கு மேற்பட்ட மானியத்தில் 85 சதவீதம் மாநிலத்தின் குழந்தைகள் தொகையையும், 15 சதவீதம் அவர்களுள் ஏழைகளின் எண்ணிக்கையையும் பொறுத்ததாயிற்று. மிகையாகச் சேர்க்கும் ஆசை அடங்கியது. ஆனால் எதிர்ப்புறத்தில் வேறொரு கணக்கு உருவானது என்பது என் கருத்து. புதிதாக ஒரு குழந்தையைக் கண்டறிந்தால் மத்திய மானியம் கூடாது. மாநிலத்தின் செலவோ கட்டாயம் கூடும்.

அடுத்து, கண்காணிப்பு எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் பல குறியீடுகளின்படி ஆண்டறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்து மத்திய கல்வித் துறை மாநிலங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: விதிகளை நிறைவேற்றுகிறது, உதவி தேவை, தலையீடு தேவை, பெருமளவு தலையீடு தேவை. மாநிலங்களும் தம் பள்ளி மாவட்டங்களை இவ்வாறே தரம் பிரிக்கின்றன. நீண்ட காலம் இந்தக் குறியீடுகளில் பெரும்பாலானவை தேதிகளையும் ஆவணங்களையும் சார்ந்தே இருந்தன. 2014-இல் மாணவர்களின் கற்றல் நிலையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியபோது, முந்தைய ஆண்டு 41 மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் பெற்றிருந்த முதல் நிலையை 18 மட்டுமே பெற்றன. ஓராண்டில் பள்ளிகள் மாறிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கூர்ந்து பார்ப்போம். பெற்றோர் இசைவு தந்த 60 நாள்களுக்குள், அல்லது மாநிலம் வகுத்த கெடுவுக்குள், குழந்தையை மதிப்பிட்டுவிட வேண்டும் என்பது விதி. கெடு தவறாத மாவட்டத்துக்கு 100 சதவீதம். ஆனால் இந்தக் கடிகாரம் பெற்றோர் கையெழுத்திடும் நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. 'இன்னும் சில மாதம் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லி, இசைவுப் படிவத்தையே நீட்டாத மாவட்டத்துக்குக் கடிகாரம் ஓடுவதே இல்லை. அந்தக் குழந்தை எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்பில் இல்லாத குழந்தைக்காக எவரும் மதிப்பெண் இழப்பதில்லை. இருக்கும் கோப்புகளை எவ்வளவு நுணுக்கமாகத் தணிக்கை செய்தாலும் இந்த ஓட்டை கண்ணில் படாது.

டெக்சாஸில் இந்த ஓட்டை வாசலாகவே மாற்றப்பட்டது. 2004-இல் அம்மாநிலக் கல்வி முகமை பள்ளி மாவட்டங்களை மதிப்பிடப் புதிய முறையொன்றை அறிமுகப்படுத்தியது. அதிலிருந்த குறியீடுகளில் ஒன்று, மொத்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள் என்பது. 8.5 சதவீதத்துக்கு மேற்படாத மாவட்டத்துக்கு நல்ல மதிப்பெண். மேற்பட்டால் மதிப்பெண் குறையும், கண்காணிப்பும் விளக்கமும் தேடி வரும். அப்போது மாநிலத்தின் உண்மை விகிதம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2015-இல் அது சரியாக 8.5 சதவீதத்துக்கு வந்து நின்றது. அதே காலத்தில் தேசிய விகிதம் 13 சதவீத அளவில் இருந்தது. எல்லை கடந்ததும் ஊனங்கள் குறைந்துவிடுவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

இதை வெளிக்கொணர்ந்தது தணிக்கை அலுவலகம் அன்று, ஒரு நாளிதழ். 'ஹூஸ்டன் கிரானிக்கிள்' 2016 செப்டம்பரில் தொடங்கிய தொடர் கட்டுரைகள், தேசிய விகிதத்தில் சேவை வழங்கியிருந்தால் டெக்சாஸில் மேலும் இரண்டரை லட்சம் குழந்தைகள் அதைப் பெற்றிருப்பார்கள் என்று கணக்கிட்டன. அது வெறும் குறியீடு, உச்சவரம்பு அன்று என்றது மாநில முகமை. ஆனால் மதிப்பெண்ணும் தலையீடும் அதனோடு பிணைந்திருந்தபோது, மாவட்ட அலுவலர் அதை வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

மத்தியக் கல்வித் துறை பெற்றோர்களை நேரில் கேட்டது. பள்ளி மாவட்டங்களுக்குச் சென்று ஆய்வு செய்தது. 2017-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இத்தகைய வரம்பைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் முடிவு மூன்று தவறுகளைச் சுட்டியது: தேவையுள்ள குழந்தைகள் அனைவரையும் கண்டறிவதை மாநிலம் உறுதி செய்யவில்லை, தகுந்த கல்வி கிடைப்பதை உறுதி செய்யவில்லை, மாவட்டங்களை முறையாக மேற்பார்வையிடவில்லை. வேறு உதவித் திட்டங்களைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடும் வழக்கத்தையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதே காலத்தில் பணத்தைப் பற்றிய வழக்கு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 2012 நிதியாண்டில் டெக்சாஸ் சிறப்புக் கல்விக்கான தன் நிதி ஆதரவை முந்தைய ஆண்டைவிட 3.33 கோடி டாலர் குறைத்திருந்தது. அதே தொகையை மானியத்தில் வெட்ட மத்திய கல்வித் துறை முடிவெடுத்தது. குழந்தைகளின் தேவைக்கேற்ப எடைபோட்டு நிதி தருகிறோம், அந்த ஆண்டு தேவை குறைவாக இருந்தது, ஆகவே நிதியும் குறைந்தது என்று மாநிலம் வாதிட்டது. 2018 நவம்பரில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படி ஒரு கணக்கை அனுமதித்தால், குழந்தைகளின் தேவையைக் குறைத்துக் காட்டியே மாநிலம் தன் செலவைக் குறைத்துக்கொள்ள முடியும் என்பது நீதிமன்றம் கண்ட ஆபத்து.

இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. ஒருபுறம் தேவை குறைவாக மதிப்பிடப்படுகிறது. மறுபுறம் குறைந்த தேவையைக் காட்டி நிதி குறைக்கப்படுகிறது. செலவுக் கணக்கை மட்டும் பார்க்கும் தணிக்கையாளருக்கு ரசீதுகள் சரியாக இருக்கும். விதிகளை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்குக் கோப்புகள் சரியாக இருக்கும். நிதி ஆதரவைக் குறைக்கக் கூடாது என்ற வறண்ட விதி, இங்கே வெறும் கணக்குப் பிள்ளையின் விதியாக நிற்கவில்லை. ஒரு குழந்தையை மறைப்பதால் மாநிலத்துக்கு இலாபம் வராமல் தடுப்பது அதுதான்.

வரம்பு நீங்கிய பிறகு நடந்தது நமக்குப் பாடம். 2022-23-இல் டெக்சாஸில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 7 லட்சத்தைத் தாண்டினார்கள். விகிதம் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இவர்கள் புதிதாக முளைத்தவர்கள் அல்லர். முன்பே வகுப்பறைகளில் இருந்தவர்களைப் போன்றவர்கள். ஆனால் பத்தாண்டுக் காலம் தேவை குறைவு என்று நம்பி நடந்த அமைப்பிடம், அவர்களை மதிப்பிடப் போதிய நிபுணர்களோ கற்பிக்கப் போதிய சிறப்பாசிரியர்களோ இல்லை. தொடக்கப் பள்ளியில் தவறவிடப்பட்ட குழந்தைக்கு உயர்நிலைப் பள்ளியில் தரப்படும் சேவை, இழந்த ஆண்டுகளை ஈடுசெய்வதும் கடினம்.

அப்படியானால் நல்ல கண்காணிப்பு எப்படி இருக்க வேண்டும்? முதலாவதாக, பட்டியலில் இருப்பவர்களோடு இல்லாதவர்களையும் அது தேட வேண்டும். ஒரு மாவட்டத்தின் விகிதம் அண்டை மாவட்டங்களைவிட மிகக் குறைவாக இருந்தால், மிக அதிகமாக இருப்பதைப் போலவே அதையும் கேள்விக்குரியதாகக் கருத வேண்டும். இரண்டாவதாக, பெற்றோரின் கோரிக்கை எந்த நாளில் வந்தது, எத்தனை கோரிக்கைகள் மறுக்கப்பட்டன, ஏன் என்பது பதிவாக வேண்டும். கடிகாரம் கோரிக்கையிலிருந்து ஓட வேண்டும். மூன்றாவதாக, பெற்றோரிடம் நேரில் கேட்க வேண்டும். டெக்சாஸில் உண்மை வெளிவந்தது அப்படித்தான். நான்காவதாக, கோப்பு முறையாக இருப்பதோடு குழந்தை முன்னேறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொலராடோவின் டக்ளஸ் கவுன்டி பள்ளி மாவட்டம் தொடர்பான வழக்கில், பெயரளவு முன்னேற்றம் போதாது. குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்கு வழிசெய்வதாகத் திட்டம் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டும். அங்கேதான் இன்று கவலை பிறக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய கல்வித் துறை தன் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே மாதம் அத்துறையையே மூடும் நோக்கில் அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். அக்டோபரில் அரசு நிர்வாகம் முடங்கியிருந்தபோது, சிறப்புக் கல்வி அலுவலகத்தின் ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பணிநீக்க அறிவிப்பு போனது. முதலில் நீதிமன்றம் தடுத்தது. நவம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டம் அந்த அறிவிப்புகளைச் செல்லாதனவாக்கியது. மானியம் தொடரும், மாநிலங்களே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், இக்குறைப்பை ஆதரிப்போர். உள்ளூர் நிலைமை உள்ளூர்க்காரர்களுக்கே தெரியும் என்ற வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் டெக்சாஸில் தவறு செய்தது கண்காணிக்க வேண்டிய மாநிலமேதான். அதை மேலிருந்து கேட்க ஓர் அலுவலகமும், கேட்டபின் மானியத்தை வெட்டும் அதிகாரமும் இருந்ததால்தான், தாமதமாகவேனும் திருத்தம் நடந்தது.

நாளிதழ் ஒன்று தற்செயலாக விழித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்து எந்தச் சட்டத்தையும் நடத்த முடியாது. மானியம் எவ்வளவு செலவானது என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், யார் யார் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை என்றும் கேட்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் அலுவலகத்தில் ஆள் இல்லாமல் போனால், அறிக்கைகள் முன்னைவிட ஒழுங்காகவே வந்து சேரும். பெற்றோர் மட்டும் பள்ளி வாசலில் காத்திருப்பார்கள்.