கோர்ட் கெடு தப்பினால் நிலம் போய்விடுமா?

சம்பா நெல் களத்துக்கு வருவது தை, மாசியில். குத்தகை பாக்கிக்குக் கோர்ட் வைக்கும் கெடு மார்கழியிலேயே முடிந்துவிடலாம். காவிரியின் கடைமடையான காரைக்காலில் தண்ணீர்த் தாமதமும் கார்த்திகை வெள்ளமும் அறுவடையை மேலும் தள்ளிப் போடும். கெடு தப்பினால் நிலத்தை விட வேண்டியதுதான் என்று எண்ணி விவசாயிகள் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நிபந்தனை உத்தரவு

"இன்ன தேதிக்குள் பாக்கியைக் கட்டவும், தவறினால் வெளியேற வேண்டும்" என்பது நிபந்தனை உத்தரவு. சிவில் நடைமுறைச் சட்டம் 148வது பிரிவின்படி, கோர்ட் தான் வைத்த கெடுவைத் தானே நீட்டலாம். கெடு முடிந்த பிறகும் நீட்டலாம்.

1961ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கோர்ட் கட்டணப் பாக்கியைக் கெடுவுக்குள் கட்டாததால் அப்பீல் தள்ளுபடியாகியிருந்தது. அவகாசம் கேட்ட மனுவோ கெடு முடியும் முன்பே போடப்பட்டது. இத்தகைய உத்தரவு தாமதத்தைத் தடுக்கவே; அது கோர்ட்டின் கையைக் கட்டிவிடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

தமிழ்நாட்டுக் குத்தகை வழக்கு

1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கிலும் இதே கேள்வி வந்தது. பாக்கி கட்ட அவகாசம் தருவது ஒரு படி. கட்டாவிட்டால் வெளியேற்ற உத்தரவிடுவது அடுத்த படி. கெடு தப்பியதும் வெளியேற்றம் தானாக வந்துவிடாது. அவகாசத்தை நீட்டும் அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இது உள்ளது. புதுச்சேரிக்கு 1970ஆம் ஆண்டின் தனிக் குத்தகைச் சட்டம் இருந்தாலும், இந்தத் தத்துவத்தை இங்கும் வக்கீல் எடுத்துக்காட்டலாம்.

எத்தனை நாள் கிடைக்கும்?

2002 ஜூலை முதல் அமலான திருத்தப்படி, 148வது பிரிவில் மொத்த நீட்டிப்பு 30 நாள்தான். ஆனால் நம் சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் அதற்கு மேலும் தரலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. உத்தரவு நகலை உடனே வாங்கி, கெடு தேதியைக் குறித்து வையுங்கள்.

2. கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே, கெடு முடியும் முன்பே வக்கீல் மூலம் மனுப் போடுங்கள்.

3. கையில் உள்ள தொகையைக் கோர்ட் அனுமதியுடன் கட்டி ரசீது வாங்குங்கள். அது நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

4. வெள்ளச் சேதச் சான்று, நெல் விற்ற ரசீது, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை மனுவுடன் சேருங்கள்.

ஓர் எச்சரிக்கை. நீட்டிப்பு கோர்ட்டின் விருப்புரிமை. நமக்குப் பாத்தியதை அல்ல. அப்பீலுக்குச் சட்டமே வைத்த காலக்கெடு வேறு. அதற்கு 148வது பிரிவு உதவாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சமரசத் தீர்ப்பின் கெடுவை நீட்டுவதும் எளிதன்று.

பயிருக்குப் பருவம் போல மனுவுக்கும் பருவம் உண்டு. கெடுவுக்கு முன் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய் வருவது, பல ஆண்டு உழுத நிலத்தைக் காக்கக்கூடும்.