மண்ணில்லாத் தோட்டமும் நோயாளியின் தட்டும்

எளாவூர், கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பத்தினர் சிலர் இப்போதெல்லாம் எங்களிடம் ஒரு வினாவைக் கேட்கின்றனர். மொட்டை மாடியில் மண் இல்லாமல், தண்ணீரிலேயே, இயற்கை உரமிட்டு வளர்த்த கீரையைச் சிறுநீரக நோயாளி அளவு பாராமல் உண்ணலாமா என்பதே அது. இதற்கு விடை காண, அந்தச் செடி எவ்வாறு உணவு கொள்கிறது என்பதை முதலில் அறிதல் நலம்.

மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் இம்முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937ஆம் ஆண்டு வழக்கிற்கு வந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கெரிக் என்பவர் அப்பெயரைப் பரப்பினார். நம் நாட்டில் 1946இல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தின் காலிம்பொங்கில் சோதனைகளைத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகள் ஏதுமின்றி, மணலும் சரளையும் கலந்த தொட்டிகளில் பயிர் வளர்க்கும் அவருடைய எளிய முறை 'வங்காள முறை' எனப் பெயர் பெற்றது.

செடியின் வேர் சாணத்தையோ பிண்ணாக்கையோ அப்படியே உண்பதில்லை. தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட், அம்மோனியம் ஆகிய கரைந்த உப்புகளாகவே அது உறிஞ்சுகிறது. மண்ணில் இம்மாற்றத்தைச் செய்பவை நுண்ணுயிரிகள். வெறும் தண்ணீரில் அவை போதிய அளவில் இல்லை. ஆகவே மீன் அமிலத்தையோ பஞ்சகவ்யத்தையோ தொட்டி நீரில் நேரடியாக ஊற்றினால் அது அழுகும். நீரிலுள்ள உயிர்வளி தீரும். வேர் கறுத்து நாறும். இதற்கு மாற்றாக, சரளை அல்லது தென்னை நார்க்கழிவு நிரம்பிய தனித் தொட்டியில், மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாயைப் பொருத்தி, உரக்கரைசலைச் சில வாரங்கள் பக்குவப்படுத்துவர். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற நுண்ணுயிரிகள் அங்கே குடியேறி, அம்மோனியாவைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும். நாற்றம் அடங்கித் தெளிந்த பின்னரே அக்கரைசல் செடிக்கு உகந்தது. அதன் அமிலத் தன்மை 5.5 முதல் 6.5 வரை இருத்தல் வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. உரம் இயற்கையானதாயினும் செயற்கையானதாயினும் இறுதியில் வேருக்குள் செல்பவை அதே உப்புகளே. எனவே 'இயற்கை' என்ற சொல் கீரையிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்துவிடாது. பொட்டாசியம் மிகுதியாகக் கிடைத்தால் செடி தன் தேவைக்கு மேலும் அதனைச் சேர்த்து வைக்கும். வாழைப்பழத் தோல் ஊறிய நீரை உரமாக இடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஜப்பானில் இதற்கு நேர்மாறாகச் செய்தனர். ஐசு வகமாட்சு நகரில் மின்னணுச் சில்லு உற்பத்திக்கென அமைந்த கூடத்தில், ஃபுஜிட்சு நிறுவனம் சிறுநீரக நோயாளிகளுக்காகவே பொட்டாசியம் குறைந்த லெட்யூஸ் கீரையை வளர்த்தது. ஊட்டக் கரைசலில் பொட்டாசியத்தைத் திட்டமிட்டுக் குறைப்பதே அத்தகைய சாகுபடியின் அடிப்படை. ஆய்வகக் கண்காணிப்போடு செய்யும் அவ்வேலையை மாடித் தோட்டத்தில் எதிர்பார்க்க இயலாது.

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. சிறுநீரகம் தளர்ந்தோருக்கும், இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் அது உயரக்கூடும். மிகையானால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயத் துடிப்பு தடுமாறலாம். அத்தகையோர் மருத்துவர் குறித்த அளவிலேயே கீரை உண்ண வேண்டும். கீரையை நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடல் வேண்டும். வடித்த நீரில் ரசமோ சூப்போ வைத்தால், விலக்கிய பொட்டாசியம் மீண்டும் தட்டுக்கே வந்து சேரும். வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் கீரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ஆனால் வாரந்தோறும் அளவு மாறாமல் உண்ண வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலை மாற்றவல்லது.

அடுத்தது நோய்த்தொற்று. பக்குவப்படாத சாணம் கலந்த கரைசலில் ஈ.கோலை, சால்மோனெல்லா ஆகிய கிருமிகள் இருக்கலாம். மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சைச் சாணம் இட்டால், அறுவடைக்கு முன் 120 நாள்கள் கழிய வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நம் சிறுகீரையோ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. 2011இல் ஜெர்மனியில் இயற்கைப் பண்ணை ஒன்றில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியே ஈ.கோலை பரவி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புற்றுநோய் மருந்து பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் இத்தகைய கீரையையும் முளைகளையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கைகளும் உள. கடற்கரையும் தொழிற்பேட்டையும் அருகருகே அமைந்த இடம் இது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே பயன்படுத்துக. உப்பும் உலோகங்களும் கொதிக்க வைப்பதால் நீங்கா. வேதிப்பொருள் அடைத்து வந்த பழைய பீப்பாய்களை எவ்வளவு கழுவினாலும் தொட்டியாக்க வேண்டா. உணவுத் தரமுள்ள கலங்களே ஏற்றவை. தொட்டியை ஒளி புகாத மூடியால் இடைவெளியின்றி மூடுக. பாசி படராது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது. திறந்து கிடக்கும் நன்னீரில் அம்முட்டை ஏறத்தாழ ஒன்றரை வாரத்திற்குள் கொசுவாகிவிடும்.

இவ்வளவும் கூறுவது தோட்டத்தைத் தடுப்பதற்காக அன்று. இடுப்பளவு உயரத்தில் வைத்த தொட்டி, குனிய இயலாத மூட்டுவலிக்காரருக்கு உதவும். பாதத்தில் உணர்வு குன்றிய நீரிழிவு நோயாளி, மண்ணில் கால் வைக்காமலே செடி வளர்க்கலாம். நீண்ட நாள் நோயுற்றவருக்கு, தம் கையால் ஒரு செடியைத் துளிர்க்கச் செய்வது மனத்திற்கும் ஆறுதலே. விளைந்த கீரையை எவ்வளவு உண்ணலாம் என்பதை மட்டும் அவரவர் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அந்த அறிக்கையோடு, தொட்டியில் இடும் உரத்தின் பெயரையும் குறித்துக் கொண்டு வாருங்கள்.